லெஃப்ட் பேக் நின்ற கரை

ததேயுஸைத் தாண்டி எதுவும் போக முடியாது என்று ஆனது ஒரு ஜனவரி மாதத்து ஆட்டத்தின் இருபத்திரண்டாவது நிமிடத்தில். ஆனால் அவன் லெஃப்ட் பேக், இடது ஓரத்தில் நின்று எதிராளியைத் தடுக்கிறவன் என்பதால், நான்கு மாதம் வரை யாரும் அதைக் கவனிக்கவில்லை. கோல் அடிக்கிறவனுக்கு இப்படி ஒன்று வாய்த்திருந்தால் மறுநாள் பேப்பரில் படம் வந்திருக்கும். தடுக்கிறவன் ஒழுங்காக வேலை செய்த நாளில் எதுவுமே நடப்பதில்லை, எதுவும் நடக்காத நாளைப் பற்றி எழுத யாருக்கும் ஒன்றும் இருப்பதில்லை. கல்கத்தாவில் இரண்டாம் டிவிஷன் ஆடிய அந்த கிளப்பின் கோச், ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் பதினோரு பேரைப் பற்றியும் நோட்டில் எழுதி வைக்கிற மனிதர், ஜனவரிக்குப் பிறகு ததேயுஸின் பெயருக்கு எதிரே ஒரு கோடு மட்டும் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.

பந்து அவன் முன்னால் வந்து நின்றது. ஓரமாகப் பந்தோடு ஓடி வருகிற விங்கர்களும் அவன் முன்னால் வந்து நின்றார்கள், செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நிற்கிற விருந்தாளிகளைப்போல. அவன் காலை நீட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. எதிரே முகம் காட்டி நின்றால் போதும், பந்தோ ஆளோ காற்றோ அவன் நின்ற கோட்டைக் கடக்காது. முதுகைத் திருப்பினால் எல்லாம் கடக்கும். பாதி திரும்பி நின்றால் என்ன ஆகும் என்று அவன் பார்த்ததில்லை, அதற்கு அவசியமும் வரவில்லை. மே மாதம் ஊருக்கு வருகிற ரயிலில் கதவருகே நின்று வெளியே பார்த்துக்கொண்டு வந்தபோது பெட்டிக்குள் காற்றே வரவில்லை. விஜயவாடா தாண்டியதும் உள்ளே இருந்தவர்கள் வியர்த்துப்போய், தம்பி கொஞ்சம் இந்தப் பக்கமாகப் பார்த்து நில்லுங்கள் என்றார்கள். அவன் திரும்பி நின்றான். காற்று வந்தது. அவர்கள் நன்றி சொல்லிவிட்டுக் கண்ணயர்ந்தார்கள்.

அவனுக்கு வயது முப்பத்தொன்று. பதினெட்டு வயதில் மலப்புறத்து வயல்களில் ஏழு பேர் ஆடுகிற செவன்ஸில் தொடங்கி, ஒரு அலுவலக அணியில் நான்கு வருடம், கூட்டிப்போன கிளப்பே பாதியில் கைவிட்ட ஒரு வருடம், வலது முழங்காலைக் கிழித்துத் தைத்த ஒரு வருடம், பிறகு கல்கத்தா என்று பதின்மூன்று வருடம் அவன் ஆடிய ஆட்டங்கள் எல்லாம் இரண்டாம் டிவிஷனோடு நின்றுபோயிருந்தன. முதல் டிவிஷனை அவன் டிவியில்தான் பார்த்திருந்தான். அந்த மே மாதம், அவனைத் தாண்டி ஒரு பந்தும் போகாததைக் கடைசியில் கவனித்த கோவாவின் ஒரு பெரிய கிளப்பிலிருந்து கடிதம் அவன் வருவதற்கு முன்பே வீட்டுக்கு வந்து கிடந்தது. ஆகஸ்ட் முதல் தேதி காலை கேம்பில் இருக்க வேண்டும், அன்று வராதவருக்கு ஒப்பந்தம் இல்லை என்று அதில் இருந்தது. அவன் மனைவி ரோஸ்லின் அதை ஞானஸ்நானச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தாள். ஒரு நாளில் மூன்று முறை அவன் அதை எடுத்துப் பார்த்தான், தேதி மாறியிருக்குமோ என்பதுபோல.

குமரிக் கடற்கரையில் இருக்கிற சூசைத்துறையில் அப்போது மூன்றாவது வரிசை வீடுகள்தான் முதல் வரிசை. அதற்கு முன்னால் இருந்த இரண்டு வரிசைகளையும் கடல் எடுத்திருந்தது. ஒவ்வோர் ஆனியிலும் ஆடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக, முதலில் வேலி, பிறகு கழுவுகிற கல், பிறகு அடுக்களை என்று. அந்த வருடம் ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை பத்து மணிக்குக் கடல் ஏறியபோது ததேயுஸ் வீட்டு வாசலில் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அலை வீட்டை நோக்கி வந்தது, அவன் வழக்கப்படி முழங்காலைச் சற்று மடக்கி முகம் காட்டி நின்றான், அலை அவன் கால்விரலுக்கு ஒரு சாண் முன்னால் எழுந்து நின்று, வழி கேட்க யோசிக்கிற ஆளைப்போல இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அடுத்ததும் அப்படியே போனது. வலப்பக்கம் சிலுவை நட்ட சிறு கோயிலான குருசடியிலிருந்து இடப்பக்கம் ஐஸ் கம்பெனி வரை, அவன் நின்ற நேருக்கு ஒரு நூல் பிடித்ததுபோல மணல் காய்ந்து கிடந்தது.

ரோஸ்லின் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "சோறு வடிக்கது வர அப்படியே நில்லுங்க. அசையாண்டாம்" என்றாள்.

ஊர் அதை எடுத்துக்கொண்ட விதம் அவ்வளவுதான். யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. பதினான்கு வருடமாகத் தூண்டில் வளைவு கேட்டு, அதாவது அலையின் வேகத்தை உடைக்கக் கடலுக்குள் கல் போட்டு நீட்டுகிற அந்தக் கரை கேட்டு மனு எழுதி அலுத்துப்போன ஊர் அது. கல்லுக்குப் பதிலாக ஆள் வந்திருக்கிறான், வரட்டும் என்று எடுத்துக்கொண்டார்கள். ஊர்க் காரியங்களை முடிவு செய்கிற கோயில் பங்குப் பேரவை அன்று சாயங்காலமே கூடி, கடல் வற்றுகிற நேரத்தில் அவன் சாப்பிடவும் உறங்கவும் செய்யலாம், ஏறுகிற நேரத்தில் நிற்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கடல் வற்றியபோது அவனை வாசலிலிருந்து நூறடி முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அந்த இடத்தில் தென்னோலைப் பந்தல் போட்டார்கள். கால் வலிக்காமலிருக்க மணலில் பழைய டயரைப் புதைத்துக் கொடுத்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் பெண்கள் நெத்திலி காயப்போட்டார்கள். காற்றும் வராததால் காக்காயை விரட்டுவது ஒன்றுதான் வேலை என்று சந்தோஷப்பட்டார்கள்.

தொல்லைகளும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் யாரோடோ பேசிக்கொண்டு உள்பக்கம் பார்த்து நின்றான், முந்நூறு பேர் வெளியே வர முடியாமல் பங்குத்தந்தை இன்னொரு பாட்டுப் பாடச் சொன்னார். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை அழைத்துப் போகும்போது அவன் பந்தல் வாசலில் எதிர்ப்பட்டுவிட, அவர்கள் அதைப் பெண்ணின் சகோதரன் வழி மறிக்கிற முறை என்று எண்ணி அவன் கையில் ஒரு வேட்டியைக் கொடுத்தார்கள். அவன் கூச்சத்தில் திரும்பிக்கொண்டான், ஊர்வலம் போனது, வேட்டியை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

பெரிய தொல்லை கரமடியால் வந்தது. வளைத்துப் போட்ட வலையை இரண்டு பக்கமும் கயிறு பிடித்துக் கரையிலிருந்து இழுப்பார்கள் அல்லவா, அந்த வலை அவன் கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. நாற்பது பேர் காலை முழுக்க இழுத்தார்கள். மீன் உள்ளே துள்ளுவது தெரிந்தது. அவன் முதுகைத் திருப்பினால் வலை வரும், வலையோடு கடலும் வரும். ஒரு மணி நேரம் சண்டை போட்டு ஊர் ஒரு வழி கண்டுபிடித்தது: வலை வருகிற நேரத்தில் அவன் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கிற அளவுக்குத் திரும்பி நிற்பான், ஆமென் சொன்னதும் கடலைப் பார்ப்பான். அதன் பிறகு தினமும் அந்த மந்திரம் சொல்வதில்தான் அரசியல் நடந்தது. வலைக்காரர்கள் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துச் சொன்னார்கள், 'எங்கள் அனுதின உணவை' என்ற இடத்துக்கு வந்ததும் மூச்சு வாங்கினார்கள். வீட்டுக்காரர்கள் மூன்று மூச்சில் ஆமெனுக்குப் போனார்கள். கடைசியில் இரண்டு தரப்புக்கும் பொதுவாக, கோயிலில் ஜெபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியாரையே சொல்ல வைத்தார்கள்.

இதற்கெல்லாம் நடுவில் ததேயுஸுக்கு ஓட வேண்டும் என்று கால் ஊறிக்கொண்டே இருந்தது. தடுப்பாட்டக்காரன் நிற்கிறவன் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும், ஒரு ஆட்டத்தில் அவன் பத்துக் கிலோமீட்டர் ஓடுகிறான் என்பது அவர்களுக்குத் தெரியாது. இங்கே அவன் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் நின்றான். தொடைகள் மரத்தன. தைத்த முழங்கால் காலையில் மடங்க மறுத்தது. நின்ற இடத்திலேயே குதித்துப் பார்த்தான், குதித்தபோது ஒவ்வொரு முறையும் பின்னாலிருந்து யாராவது, ஐயோ, அசையாதே லே என்று கத்தினார்கள். கேம்பில் முதல் நாள் ஓட வைப்பார்கள், முப்பத்தொரு வயதுக்காரனை மற்றவர்களைவிட அதிகமாக ஓட வைப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அலைகளை எண்ணுவதற்குப் பதிலாக நாட்களை எண்ணினான்.

ஜூலை முதல் வாரத்தில் ஊர் இன்னொரு காரியம் செய்தது. முன்பு முதல் வரிசையிலும் இரண்டாம் வரிசையிலும் வீடு இழந்தவர்கள், சுனாமிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்தவர்கள், காய்ந்து கிடக்கிற மணலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். ததேயுஸின் முதுகுக்குப் பின்னால், அவன் வீட்டுக்கு முன்னால், கம்பு நட்டு ஓலையும் தகரமும் போட்டார்கள். இருபது நாளில் பதினேழு வீடுகள். ஒரு வீட்டுக்கு பாதர் மந்திரித்துத் தண்ணீர்கூடத் தெளித்தார். நிற்கிற நேரத்தில் ததேயுஸ் பின்னால் பார்க்க முடியாததால் சுத்தியல் சத்தத்தை வைத்துத்தான் எண்ணினான். ஒவ்வொரு சத்தமும் அவன் தோளில் விழுந்தது.

பதினேழாவது வீட்டுக்குக் கூரை ஏறிய அன்று அவன் பேரவைத் துணைத் தலைவர் மிக்கேலடிமையிடம், தான் முப்பதாம் தேதி ரயில் ஏற வேண்டும் என்று சொன்னான். மிக்கேலடிமைக்கு எழுபதை நெருங்குகிற வயது, ஊரின் முதல் ஃபுட்பால் டீமுக்கு அவர்தான் கேப்டன், நடக்கும்போது இப்போதும் பந்து காலில் இருப்பதுபோலத்தான் நடப்பார்.

"கோவாவுக்கா? அங்கயும் கடல் உண்டுல்லா லே. அங்க போய் நிக்கதுக்கு இங்க நின்னா என்ன?"

"நிக்கப் போகல மாமா. ஆடப் போறேன்."

"பதிமூணு வருசம் ஆடுனியே, ஒரு பேப்பர்க்காரன் உனக்க பேர எழுதுனானா? இங்க பாரு, பதினேழு வீட்டுக்காரி உனக்க பேரச் சொல்லி ஜெபமால சொல்லுகா." அவர் சுற்றிலும் இருந்தவர்களைப் பார்த்தார். "டிஃபெண்டர்னா என்னன்னு நினைச்ச? சுவராக்கும். சுவர் எங்கயாவது டிக்கெட் எடுக்குமா?"

எல்லோரும் சிரித்தார்கள். ததேயுஸுக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் அந்தச் சொல் அவனுக்குள் ஒரு முள்ளாகக் கிடந்தது. அவன் சுவர் இல்லை. பதின்மூன்று வருடத்தில் எந்தக் கோச்சும் அவனைச் சுவராக நிற்கச் சொன்னதில்லை.

அதைவிடப் பெரிய முள் ஒன்றும் இருந்தது, அதை அவன் ரோஸ்லினிடம்கூடச் சொல்லவில்லை. அவன் முன்னால் நின்றுபோன கடல் வெறுமனே திரும்பிப் போகவில்லை என்பது முதல் வாரத்திலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது அவன் இடப்பக்கமாகச் சரிந்தது. ஐஸ் கம்பெனியைத் தாண்டி, ஃபுட்பால் கிரவுண்டின் கல் கட்டை உரசிக்கொண்டு, அடுத்த ஊரான மங்கலத்துறைப் பக்கம் ஓடியது. எதிர்ப்பக்கம் பார்த்தே நிற்கிறவனுக்குக் கடைக்கண் பழகியிருக்கும். அவன் பார்த்தான், பார்த்துக்கொண்டே நின்றான்.

ஜூலை இருபத்தாறாம் தேதி மத்தியானம் மங்கலத்துறையிலிருந்து செபஸ்தி வந்தான். இரண்டு ஊரும் சேர்ந்து ஆடிய காலத்தில் செபஸ்திதான் கோல்கீப்பர், சின்ன வயதில் ததேயுஸுக்குப் பின்னால் பத்து வருடம் நின்றவன், பந்து பிடித்து வளைந்துபோன இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு இப்போது வள்ளத்தில் எஞ்சின் ஓட்டுகிறவன். முன்னால் வர முடியாது என்று தெரிந்து அவன் பின்பக்கமாக வந்து, பழைய பழக்கத்தில் ததேயுஸுக்கு ஆறடி பின்னால் நின்றான்.

"பதினோரு வீடு போச்சு எங்கூர்ல" என்றான். "நேத்து சாயங்காலம் பிரான்சிஸ்காளுக்க வீடு. அவளுக்க ஆடு கெட்டியிருந்த கம்பு மட்டும் நிக்குது."

ததேயுஸ் கடைக்கண்ணால் மங்கலத்துறைப் பக்கம் பார்த்தான்.

"நீ அடைக்கதெல்லாம் எனக்ககிட்டயாக்கும் வருது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்பத்தில இருந்து?"

"முத வாரத்தில இருந்து."

அலைகள் வந்து நின்று, இடப்பக்கமாக நழுவிப் போய்க்கொண்டிருந்தன, ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

"அப்ப தெரிஞ்சுட்டேதான் நின்ன" என்றான் செபஸ்தி. திட்டுகிற குரலாக இல்லை. கோல் விழுந்த பிறகு வலையிலிருந்து பந்தை எடுக்கிறபோது அவன் பேசுகிற குரலாக இருந்தது. "முன்ன நீ இப்படி ஆட மாட்ட. நீ ஒருத்தனையும் நிறுத்துனதில்ல. பாதி திரும்பி நின்னு ஒரு வழியக் காட்டுவ. அவன் வழி கிடைச்சுன்னு ஓடுவான், நீ கூடவே ஓடி, கோட்டோரமா மூலைக்குக் கொண்டு விட்டிருவ. மூலைக்குப் போனவன் என்ன செய்வான்? எனக்கு அது போதும். எத்தன கோல் அப்படித் தப்பிச்சிருக்கேன்."

ததேயுஸின் தொடையில் ஏதோ துடித்தது. அந்த ஆறு மாதத்தில் அவன் மறந்துபோனது இதுதான். நிறுத்துவது அவன் வேலை இல்லை. வருகிறவனுக்கு உதவாத இடமாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போவதுதான் வேலை. அதற்காகத்தான் பின்னோக்கி ஓடப் பழகியிருந்தான், அதற்காகத்தான் முழங்காலைக் கொடுத்திருந்தான். எதுவும் தாண்டாது என்று ஆன நாளிலிருந்து அவன் வேலையே செய்யவில்லை.

"மூலை எங்க இருக்கு?" என்று கேட்டான்.

இருவரும் இடப்பக்கம் பார்த்தார்கள். அங்கே இருந்தது கிரவுண்டு.

அந்தக் கிரவுண்டின் கதை இரண்டு ஊருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்வதில்லை. ஒரு காலத்தில் அது பொழி, அதாவது உள்ளே இருக்கிற காயலும் கடலும் சந்திக்கிற வாய். மழைக்காலத்தில் கடல் ஏறினால் அந்த வாய் வழியாகக் காயலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் மிக்கேலடிமையும் இரண்டு ஊர் இளைஞர்களும் ஆடுவதற்குச் சமதரை இல்லாமல், கூடை கூடையாக மண் கொட்டி அந்த வாயை மூடினார்கள். பிறகு ஒரு வருடம் அரசாங்கம் வீடுகளைக் காப்பாற்ற லாரி லாரியாகக் கருங்கல் அனுப்பியது. வீட்டுக்கு வந்த அந்தக் கல்லை, ஒரு வீட்டுக்காரியும் எதிர்ப்புச் சொல்லாமல், இரண்டு ஊரும் ஒரே மனதாகக் கிரவுண்டின் கடல்பக்கம் முழுக்கப் போட்டார்கள். வீடு போனால் கட்டிக்கொள்ளலாம், பெனால்டி பாக்ஸ் போனால் எங்கே போவது என்று அப்போது பேசினார்களாம். அந்தக் கிரவுண்டிலிருந்து எழுபது பேர் வெளியூர் டீம்களுக்குப் போயிருந்தார்கள். ததேயுஸ் எழுபதாவது ஆள்.

மறுநாள் அவன் பேரவையில் சொன்னான். கிரவுண்டின் கடல்பக்கக் கல் கட்டில் ஒரு கோல் போஸ்ட் அகலத்துக்கு வழி திறக்க வேண்டும், இருபத்தொன்பதாம் தேதி பெரிய ஏற்றம் வருகிறது, தான் கடலை அங்கே கூட்டிக்கொண்டு போவேன், பிறகு அது தன் பழைய இடத்துக்குத் தானாகவே போகும், இரண்டு ஊரையும் தொடாது. சொல்லி முடிப்பதற்குள் சத்தம் எழுந்தது. கிரவுண்டு போனால் பிள்ளைகள் எங்கே ஆடுவார்கள் என்றார்கள். மங்கலத்துறைக்காரனுக்காக நம் கிரவுண்டைக் கொடுக்கிறான் என்றார்கள். அவனுக்குக் கோவா போக வேண்டும், அதற்கு இது ஒரு சாக்கு என்று ஒருவர் சொன்னார், அது பாதி உண்மை என்பதால் ததேயுஸ் தலையைக் குனிந்துகொண்டான்.

மிக்கேலடிமை கடைசியில் பேசினார். "நான் சுமந்த மண்ணாக்கும் அது. நீ ஆடுன மண்ணும் அதாக்கும். ஊருக்கு ஒரு தடுப்புக்காரன் போதும், நீ நில்லு. அடுத்த வருசமும் நில்லு. சோறு ஊர் போடும்."

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ரோஸ்லின் எழுந்தாள். பேரவையில் அவள் அதுவரை பேசியதில்லை.

"அவருக்க கால நான் தினமும் தேய்ச்சு விடுகேன்" என்றாள். "வெறும் கட்டையா இருக்கு. இன்னும் ரெண்டு வருசம் நிப்பாரு. பெறவு விழுவாரு. விழுகிற அன்னைக்கு முன்னால இருக்க பதினேழு வீடும் ஒரே அலையில போவும். அன்னைக்குக் கிரவுண்டுல நின்னு பந்து விளையாடுங்க."

யாரும் கை தூக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கிறது.

இருபத்தெட்டாம் தேதி மங்கலத்துறையிலிருந்து இருபது பேர் கடப்பாரையோடு வந்தார்கள். சூசைத்துறைக்காரர்கள் கைகளைக் கட்டிக்கொண்டு பார்த்தார்கள். ரோஸ்லின் போய் முதல் கல்லில் கை வைத்தாள், அது அசையவில்லை, பின்னால் வந்த, மங்கலத்துறையில் வீடு இழந்த பிரான்சிஸ்காளும் கை வைத்தாள், பிறகு ஓலையும் தகரமும் போட்ட பதினேழு வீட்டுக்காரிகளும் வந்தார்கள். சாயங்காலம் எட்டு கஜ அகலத்துக்கு வழி திறந்திருந்தது. யாரோ பழக்க தோஷத்தில் அதை அடி வைத்து அளந்தும் பார்த்தார்கள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்குப் பெரிய ஏற்றம் வந்தது. ததேயுஸ் பந்தலை விட்டு வெளியே வந்தான், முழங்காலில் துணி கட்டியிருந்தான், இடது தோளைப் பின்னுக்கு இழுத்துப் பாதி திரும்பி நின்றான். முதல் அலை வந்தது. நாற்பத்தேழு நாளும் அவன் முன்னால் மரியாதையாக நின்றுபோன கடல், இன்று அவன் இடப்பக்கம் ஒரு இடைவெளி இருப்பதைப் பார்த்தது. விங்கர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். கண்ணை அந்தப் பக்கம் திருப்பாமலேயே பார்ப்பார்கள். அது வலப்பக்கம் பாய்வதுபோலத் தோளை ஆட்டியது, ததேயுஸ் ஏமாறவில்லை. மறுபடியும் ஆட்டியது, குருசடிப் படியில் நுரை தெறித்தது, பெண்கள் அலறினார்கள், அவன் அசையாமல் அதன் இடுப்பையே பார்த்தான், ஏனென்றால் கால் பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது என்று மலப்புறத்தில் ஒரு வயல் வரப்பில் நின்று கற்றுக்கொண்டிருந்தான். கடலுக்கும் ஒரு இடுப்பு இருந்தது. அது இடப்பக்கம் திரும்பியது.

அவன் பின்னோக்கி நடந்தான். கடல் கூடவே வந்தது. பிறகு பின்னோக்கி ஓடினான். ஐஸ் கம்பெனி வரை, ஐஸ் கம்பெனியைத் தாண்டி, வலை உலர்த்துகிற மேட்டைத் தாண்டி, ஒரு கை நீளத்தைவிட அதிகமாக விடாமல், அதைவிடக் குறைவாக நெருங்காமல், முழங்கால் ஒவ்வோர் அடிக்கும் கத்தியது, அவன் ஓடினான், அது பாய்ந்தபோது அவன் தணிந்தான், அது தயங்கியபோது அவன் ஒரு அடி கொடுத்தான், வா, இந்தப் பக்கம் வா, இங்கேதான் இடம் இருக்கிறது என்று. அவனுக்குப் பின்னால் ரோஸ்லின் ஓடிக்கொண்டே, குழி, கயிறு, வள்ளம் என்று வழி சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு ஊரும் மேட்டில் நின்று பார்த்தன. யாரும் கை தட்டவில்லை. ஆனால் அவன் ஆடி அவர்கள் அத்தனை பேரும் ஒன்றாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கிரவுண்டின் நடுவில், வட்டத்துக்குள், மிக்கேலடிமை நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செபஸ்தி உள்பக்கக் கோல் போஸ்டுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான், ஏன் அங்கே நின்றான் என்று பிறகு அவனுக்கே தெரியவில்லை.

"மாமா, எந்திரிங்க" என்று ததேயுஸ் திரும்பிப் பார்க்காமல் கத்தினான்.

அவர் எழுந்திருக்கவில்லை. தண்ணீர் கல் கட்டின் வாய்க்கு வந்துவிட்டது. ததேயுஸ் அதைக் கை நீளத்தில் பிடித்து நிறுத்தினான், ஒரு கால் கல்லில், ஒரு கால் மணலில். அவ்வளவு கிட்டத்தில் பெரிய ஏற்றத்தை நிறுத்தி வைக்கிற வலு அந்தக் காலில் இல்லை. உபதேசியார் மேட்டில் நின்று, யாரும் கேட்காமலேயே, பரலோக மந்திரத்தைத் தொடங்கினார், வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல். மிக்கேலடிமை அதன் பாதியில் எழுந்தார். நாற்காலியை விட்டுவிட்டு, நடந்து போய், மூலையில் இருந்த கொடிக்கம்பைப் பிடுங்கி எடுத்துக்கொண்டு, பந்து காலில் இருப்பதுபோல நடந்து மேட்டில் ஏறினார். செபஸ்தி போஸ்டை இரண்டு கையாலும் தொட்டுவிட்டு விலகினான். ஆமென் என்றதும் ததேயுஸ் ஒதுங்கி நின்றான்.

கடல் அவனைத் தாண்டிப் போனது. பெனால்டி பாக்ஸ், நடு வட்டம், நாற்காலி எல்லாவற்றின் மேலும் ஓடி, ஆளில்லாத கோல் வழியாக உள்ளே நுழைந்து, காயலில் போய் விழுந்தது. போகும் வழியில் கிளப் கட்டடத்தையும் கப்புகளையும், சுவரில் இருந்த எழுபது படங்களையும் எடுத்துக்கொண்டது. அந்த ஆடியில் அது இரண்டு ஊரிலும் வேறு எதையும் தொடவில்லை. அடுத்த ஆடியைப் பற்றி யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை.

மறுநாள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தபோது ரோஸ்லினும் செபஸ்தியும் கூட வந்தார்கள். மற்றவர்கள் வாசலில் நின்று பார்த்தார்கள். சிலர் தலையாட்டினார்கள். மிக்கேலடிமையின் வீட்டு முற்றத்தில் மூலைக்கொடி நட்டிருந்தது, அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலில் அவன் கதவருகே போய் வெளியே பார்த்து நின்றான். கோழிக்கோடு வருவதற்கு முன்னால், உள்ளே யாரோ படித்துக்கொண்டிருந்த பேப்பர் பறந்து அவன் முதுகில் வந்து ஒட்டியது. அவன் கையை நீட்டிப் பார்த்தான். காற்று அவனைச் சுற்றிக்கொண்டும் அக்குளுக்கு அடியிலும் உள்ளே போய்க்கொண்டிருந்தது, எல்லோருக்கும் போவதுபோல. பேப்பரை மடித்து உரியவரிடம் கொடுத்தான். அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று நினைத்தான். கோவாக்காரர்கள் கூப்பிட்டது யாராலும் தாண்ட முடியாத ஒருவனை. இந்த யோசனையோடு மங்களூர் போனது, கார்வார் போனது, அவன் இறங்கவில்லை.

முதல் தேதி காலை ஓட வைத்தார்கள், அவன் கடைசிக்கு முந்தின ஆளாக வந்தான். மத்தியானம் இரண்டாகப் பிரித்து ஆட விட்டார்கள். ஒன்பதாவது நிமிடத்தில் மணிப்பூர்க்காரன் ஒருவன், பத்தொன்பது வயது இருக்கும், பந்தோடு அவன் முன்னால் வந்தான், நிற்கவில்லை, தோளை ஒரு முறை ஆட்டினான், ததேயுஸ் இடுப்பைப் பார்ப்பதற்குள் அவனைத் தாண்டிப் போய்விட்டான்.

ததேயுஸ் திரும்பினான். ஜனவரிக்குப் பிறகு ஒரு ஆட்டத்தில் அவன் முகம் தன்னுடைய கோலைப் பார்ப்பது அப்போதுதான். அது தூரத்தில், நல்ல வெயிலில், அவன் நினைத்ததைவிட அகலமாக, திறந்து கிடந்தது. அவனுக்கும் அதற்கும் நடுவில் அந்தப் பையனின் முதுகு போய்க்கொண்டிருந்தது. நாற்பத்தேழு நாள் ஊறிய கால்கள் இரண்டும் தரையைவிட்டுக் கிளம்பின. ஓரத்தில் உட்கார்ந்திருந்த கோவா கோச், முப்பத்தொரு வயதுக்காரன் ஒருவன் நொண்டிக்கொண்டே, ஆனால் பையனைக் கோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்த்து, நோட்டைத் திறந்து பேனாவின் மூடியைக் கழற்றினார்.